வாசல்ல கழட்டி வச்ச ஷூ

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து தொகுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை திருவண்ணாமலையில எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுநடுவுல பஸ் ஹாரன் கேட்கும். குரங்கு வந்தா நான் மைக்கைத் தூக்கிக்கிட்டு ஓடுற சத்தமும் கேட்கும். எடிட்ல எடுக்கப் பார்க்கிறேன், உத்தரவாதம் இல்லை.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் இருக்கிற தொழிலாளியும் தொழிலாளிதானே? அவங்க எல்லாம் நம்ம உழைப்புல உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு சில பேர் சொல்றாங்களே, அது நியாயமா?" நல்ல கேள்வி. இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ற ஆட்கள் ரெண்டு பக்கமும் இருக்காங்க. எனக்கு அந்த ஒரு வரி வராததுக்குக் காரணம், இப்ப நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ரூம்.

எங்க வீடு செங்கம் ரோட்டுலருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. ரமணாசிரமம் நடந்து போற தூரம். கார்த்திகை தீபம் நெருங்கும்போது இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரங்க வந்து இறங்க ஆரம்பிப்பாங்க, மார்ச்ல வெயில் ஏறினதும் கிளம்பிடுவாங்க. அஞ்சாறு வருஷமா எங்க மாடி ரூமுக்கு ஒரே ஆள்தான் வர்றாரு. ஜெர்மன்காரர், எழுபது வயசு தாண்டிடுச்சு. அம்மா அவரை "சாமி"ன்னுதான் கூப்பிடுவாங்க. வேட்டி கட்டின வெள்ளைக்காரங்க எல்லாருமே இந்த ஊர்ல சாமிதான்.

சாமி முப்பத்தஞ்சு வருஷம் அவர் ஊர்ல டவுன் பஸ் ஓட்டினவர். யூனியன் ஆள். ஸ்ட்ரைக் பண்ணினது, டிப்போ வாசல்ல குளிர்ல நின்னது எல்லாம் கதை கதையா சொல்வாரு. அவருக்கு ரமணரும் தெரியும், மார்க்ஸும் தெரியும். பென்ஷன் மாசம் சுமார் 1,400 யூரோ. அவர் ஊர்ல அதுல பாதி வாடகைக்கும் ஹீட்டருக்கும் போயிடும். "அங்க நான் சூப்பர் மார்க்கெட்ல விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குற கிழவன்"னு அவரே சொல்லிக்குவாரு. இங்க அதே பணம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ரூபாய் பக்கம் வருது. விலைச்சீட்டே பார்க்கிறதில்லை.

இன்னொரு ஆள் என் சித்தி பொண்ணு. இருபத்துநாலு வயசு. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். மாங்கால் கூட்டுரோடு சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்கா. எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம்னா, சொல்லலை. விடியறதுக்கு முன்னாடி ஊருக்கு வெளிய வந்து நிப்பா, கம்பெனி பஸ் வரும். கைக்கு வர்றது பதினஞ்சாயிரம்.

சாமி எந்த வேலையும் செய்யாம வாங்குற பென்ஷன்ல, இவ முழு நேரம் வேலை செஞ்சு வாங்குறது ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. இந்த ரெண்டு பேரும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்க வீட்டுல ஒரே இடத்துல உட்கார்ந்து அம்மா ஊத்துற தோசையைச் சாப்பிடுவாங்க. ரெண்டு பேருமே தொழிலாளிங்க. அப்ப அவங்களுக்குள்ள என்ன உறவு? இதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். திருவண்ணாமலைன்னா உங்களுக்கு மலை, கோயில், 14 கிலோமீட்டர் கிரிவலம் ஞாபகம் வரும். ஆனா இதே மாவட்டத்தோட வடகிழக்கு மூலையில செய்யாறு சிப்காட் இருக்கு. தைவானோட ஃபெங் டே குழுமம் அங்க லோட்டஸ் ஃபுட்வேர்ங்கிற பேர்ல 2006 வாக்குல தொழிற்சாலை ஆரம்பிச்சது. நைக்கிக்கு ஷூ செய்யுற கம்பெனி. அதே குழுமத்துக்கு வியட்நாம்லயும் இந்தோனேசியாவிலயும் சீனாவிலயும் தொழிற்சாலைகள் இருக்கு. செய்யாறு, வந்தவாசி, ஆரணி சுத்துவட்டாரக் கிராமத்துப் பொண்ணுங்கதான் அந்த லைன்கள்ல பெரும்பாலும் உட்காருறாங்க. மொத்த உலகமும் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கிற ஊர் இருக்கிற மாவட்டத்துலதான் உலகம் மாட்டிக்கிட்டு ஓடுற ஷூவும் தயாராகுது.

ஷூவோட கணக்கைப் பார்க்கலாம். ஐரோப்பாவில கிளீன் க்ளோத்ஸ் கேம்பெயின்னு ஒரு அமைப்பு இருக்கு. 120 யூரோ ஷூவைப் பிரிச்சு அவங்க ஒரு கணக்கு போட்டாங்க. அதைத் தச்ச தொழிலாளிங்களுக்குப் போறது சுமார் 2 சதவீதம். ரெண்டரை யூரோ மாதிரி. இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டதும் நாம எல்லாரும் உடனே "பார்த்தியா, மிச்சத்தை எல்லாம் பிராண்ட் முதலாளி அடிச்சுட்டான்"னு முடிச்சுடுவோம். அது தப்பில்லை. 2010 ஐபோனைப் பத்தி அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட கணக்குலயும் விற்பனை விலையில ஆப்பிளோட லாபம் 58.5 சதவீதம், சீனாவில அசெம்பிள் பண்ணவங்க கூலி 1.8 சதவீதம்.

ஆனா அதோட முடிச்சா ஒரு முக்கியமான பங்காளியை விட்டுடுவோம். ஜெர்மனியில ஷூ மேல 19 சதவீதம் வாட் வரி. 120 யூரோவுல 19 யூரோவுக்கு மேல அரசாங்கத்துக்குப் போகுது. தச்சவங்களுக்கு ரெண்டரை, கடையில பில் போட்ட நிமிஷத்துல ஜெர்மன் அரசுக்கு பத்தொன்பது. அந்த அரசு தன்னோட பென்ஷன் நிதிக்கு வரிப் பணத்துலருந்து வருஷத்துக்கு 10,000 கோடி யூரோவுக்கு மேல மானியமா போடுது. பென்ஷன்னா அவங்கவங்க சம்பளத்துல பிடிச்ச சந்தா மட்டும் இல்லை, இந்த வரிப் பணமும் அதுல கலந்திருக்கு. கடைக்காரர் சம்பளம், லாரி டிரைவர் சம்பளம், விளம்பரக் கம்பெனி, கடை வாடகை எல்லாம் அந்த 120-லருந்துதான் வரணும்.

என் சித்தி பொண்ணு தைக்கிற தையல்ல ஒரு நூல் சாமியோட பென்ஷன் வரைக்கும் போகுதுன்னு சொன்னா, அது உவமை இல்லை. மெல்லிசான நூல்தான். ஆனா செய்யாறுல மட்டும் இல்ல, டாக்காவுல, ஹோ சி மின் நகரத்துல, ஜகார்த்தாவுலருந்து எல்லாம் அந்த மாதிரி நூல் போகுது.

2024ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஜேசன் ஹிக்கலும் அவர் கூட வேலை செய்யறவங்களும் ஒரு கட்டுரை போட்டாங்க. உலகப் பொருளாதாரத்தை ஓட்டுற உழைப்புல 90 சதவீதம் ஏழை நாடுகள்லருந்து வருது, அவங்களுக்குக் கிடைக்கிற வருமானம் 21 சதவீதம். ஒரே அளவு திறமை வேணுங்கிற வேலைக்கு இங்க கூலி 87லருந்து 95 சதவீதம் வரைக்கும் குறைச்சல். 2021ல மட்டும் பணக்கார நாடுகளுக்கு நிகரமாப் போய்ச் சேர்ந்த உழைப்பு 82,600 கோடி மணி நேரம். எங்க வீட்டுத் தோசைக்கல்லு பக்கத்துல நான் பார்த்த பத்துல ஒரு பங்கு கணக்கு ஏதோ தற்செயல் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது.

இதுக்குப் பொருளாதாரம் படிச்ச நண்பர்கள் ஒரு பதில் வச்சிருப்பாங்க. "அங்க மெஷின் அதிகம், உற்பத்தித்திறன் அதிகம், அதனால சம்பளமும் அதிகம். இதுல சுரண்டல் எங்க இருக்கு?" ஹா-ஜூன் சாங் இதுக்கு ஒரு அழகான பதில் எழுதியிருக்காரு, 2010ல வந்த புத்தகத்துல. ஸ்டாக்ஹோம்ல பஸ் ஓட்டுறவருக்கு டெல்லியில பஸ் ஓட்டுறவரை விட ஐம்பது மடங்கு சம்பளம். அவர் என்ன ஐம்பது மடங்கு நல்லா ஓட்டுறாரா? மாடு, சைக்கிள், தள்ளுவண்டிக்கு நடுவுல ஓட்டுறதைப் பார்த்தா டெல்லிக்காரர்தான் திறமைசாலி.

நான் இதைச் சாமிகிட்ட சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஒரு தடவை பெங்களூர்லருந்து திருவண்ணாமலைக்கு நம்ம அரசு பஸ்ல முன் சீட்ல உட்கார்ந்து வந்திருக்காரு. "செங்கம் தாண்டினதும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்த டிரைவர் ஒரு கையால ஓட்டிக்கிட்டே சில்லறை எண்ணினாரு. என் யூனியன் எனக்கு வாங்கிக் கொடுத்த சம்பளத்துக்கு நான் அவ்வளவு எல்லாம் செய்யலை"ன்னாரு.

அப்ப அந்த வித்தியாசம் எதுல? சாங் சொல்ற பதில் ரொம்ப எளிமையானது: குடியேற்றக் கட்டுப்பாடு. ஜெர்மனியில அந்த வேலைக்கு நம்ம ஊர் டிரைவர் போட்டி போட முடியாது. சரக்கு போகலாம், பணம் போகலாம், ஆர்டர் வரலாம். ஆள் போக முடியாது. சாமி அவர் வீட்டு சோபாவுல உட்கார்ந்தே ஈ-விசா வாங்கிட்டாரு. என் சித்தி பொண்ணு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இந்தப் பேச்சு ஒண்ணும் புதுசு இல்லை. பழைய மார்க்சியப் புத்தகங்கள்ல லேபர் அரிஸ்டாக்ரசின்னு ஒரு சொல் வரும். தமிழ்ல தொழிலாளர் மேட்டுக்குடின்னு வச்சுக்கலாம். 1882ல எங்கெல்ஸ் காவுட்ஸ்கிக்கு எழுதின ஒரு கடிதத்துல, காலனி லாப விருந்துல ஆங்கிலத் தொழிலாளியும் சந்தோஷமா பங்கு வாங்கிக்கிறான்னு எரிச்சலோட சொல்றாரு. லெனின் 1916ல அதை வச்சு ஒரு வாதம் கட்டுறாரு: காலனியிலருந்து வர்ற கூடுதல் லாபத்துல ஒரு துண்டை வெட்டி, சொந்த ஊர்த் தொழிலாளிகள்ல மேல்தட்டுக்குப் போட்டு அமைதிப்படுத்துறாங்கன்னு. 1960கள்ல அர்கிரி எம்மானுவேல்னு ஒரு கிரேக்கப் பொருளாதாரவாதி இன்னும் ஒரு படி மேல போய், மேல்தட்டு மட்டும் இல்ல, ஏறக்குறைய பணக்கார நாட்டுத் தொழிலாளிங்க எல்லாருமே இதுல லாபம் அடையுறாங்கன்னாரு. அவரைச் சொந்த முகாம்லயே திட்டினாங்க.

கொள்கைச் சண்டையை விடுங்க. நமக்கும் அவங்களுக்கும் நேரடியா நடந்த ஒரு கதை இருக்கு. லங்காஷயர்.

இங்கிலாந்துல லங்காஷயர்தான் பருத்தி ஆலைகளோட தலைநகரம். அவங்க துணிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. நம்ம கைத்தறி நெசவாளிங்க என்ன ஆனாங்கன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. அதுக்கு அப்புறம் பம்பாயில நம்மாட்களே மில் கட்ட ஆரம்பிச்சதும் லங்காஷயருக்குப் பயம் வந்துடுச்சு. 1896ல இந்திய மில் துணிக்கு இந்தியாவுக்குள்ளயே மூன்றரை சதவீதம் எக்சைஸ் வரி போட்டாங்க. நம்ம நாட்டுல, நம்ம பருத்தியில, நம்ம ஆளு நெய்த துணிக்கு வரி, லங்காஷயர் துணிக்குப் போட்டியா இருக்கக் கூடாதுன்னு. 1925 கடைசி வரைக்கும் அது இருந்தது. இதுக்காக லண்டன்ல முட்டி மோதினது யாரு? மில் முதலாளிங்க மட்டும் இல்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிங்களோட ஒரே பக்கம் நின்னாங்க. அந்தத் தொழிலாளிங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலை. அவங்க பிள்ளைங்களோட சாப்பாடு பம்பாய்த் தறி நிக்கிறதுல இருந்துச்சு. அப்படி ஒரு ஏற்பாட்டுக்குள்ள அவங்க இருந்தாங்க.

1931 செப்டம்பர்ல காந்தி வட்டமேஜை மாநாட்டுக்குப் போனப்ப லங்காஷயருக்கும் போனாரு. டார்வென்ங்கிற ஊர்ல, மில் பொண்ணுங்க அவரைச் சுத்தி நின்னு கையைத் தூக்கி ஆரவாரம் பண்ற ஃபோட்டோ இன்னைக்கும் இணையத்துல கிடைக்கும், தேடிப் பாருங்க. அந்நியத் துணி பகிஷ்காரத்தால வேலை இழந்தவங்களும் அந்தப் பக்கத்துல இருந்தாங்க. அவங்ககிட்ட காந்தி மன்னிப்பும் கேட்கலை, சண்டையும் போடலை. ஒரு கணக்கு சொன்னாரு. உங்க ஊர்ல வேலை இல்லாதவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை சராசரியா மாசம் 70 ஷில்லிங், எங்க ஊர்ல சராசரி வருமானமே மாசத்துக்கு ஏழரை ஷில்லிங்னு.

நான் இதைப் படிச்சப்ப பேப்பரை எடுத்து வகுத்துப் பார்த்தேன். அங்க வேலை இல்லாதவர் வாங்குறதுல இங்க வேலை செய்யறவர் வாங்குறது ஒன்பதுல ஒரு பங்கு. தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் எங்க வீட்டு மாடிக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவுல இருக்கிறதும் அதே பங்கு. ஒரு வீட்டுக் கணக்கை வச்சு உலகத்தை அளக்கக் கூடாது, தெரியும். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இதே லங்காஷயருக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும். 1861ல அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்குலருந்து வந்த அடிமைப் பருத்தி நின்னு போச்சு. மில்லுங்க மூடிடுச்சு, தெருவுல கஞ்சித் தொட்டி. தெற்கை ஆதரிச்சா பருத்தி வரும். ஆனா 1862 டிசம்பர் 31ஆம் தேதி மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால்ல தொழிலாளிங்க கூடி, அடிமைமுறையை ஒழிக்கிற பக்கம்தான் நாங்கன்னு லிங்கனுக்குக் கடிதம் எழுதினாங்க. லிங்கன் பதிலும் போட்டாரு. அங்க எல்லா ஊரும் அப்படி நிக்கலை, தெற்குக்காகக் கூட்டம் போட்டவங்களும் இருந்தாங்க. ஆனாலும், வயித்துக்கு எதிரா ஒரு முடிவை எடுக்க முடியும்னு காட்டினவங்க அவங்கதான். முப்பது வருஷத்துல அதே மாவட்டம் நம்ம துணிக்கு வரி கேட்டுச்சு.

சாமியோட அம்மா கதையை இங்கதான் சொல்லணும். அவர் சொந்த ஊர் பிர்மாசென்ஸ். ஜெர்மனியோட ஷூ தலைநகரம்னு ஒரு காலத்துல பேர் வாங்கின ஊர். அம்மா ஷூவோட மேல்பாகம் தைக்கிறவங்க. ஃபேக்டரியிலயும் தச்சாங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்தும் தச்சாங்க. "எங்க சமையல் ரூம்ல எப்பவும் பசை வாசனைதான்"னாரு. 1970கள்லருந்து ஒவ்வொரு ஃபேக்டரியா மூடுச்சு. வேலை முதல்ல தெற்கு ஐரோப்பாவுக்குப் போச்சு, அப்புறம் ஆசியாவுக்கு. இன்னைக்கு மேற்கு ஜெர்மனியில வேலையில்லாத் திண்டாட்டமும் கடனும் அதிகமா இருக்கிற நகரங்கள்ல அதுவும் ஒண்ணு. அம்மா ஐம்பது வயசுல வேலை போய், கடைசி வரைக்கும் வேற நல்ல வேலை கிடைக்கலை.

அப்ப என் சித்தி பொண்ணு செய்யற வேலை ஒரு வகையில சாமியோட அம்மா செஞ்ச வேலை. அது நாடு நாடா நகர்ந்து செய்யாறு வந்து சேர்ந்திருக்கு.

நான் ஒருநாள் கொஞ்சம் துடுக்காவே அவர்கிட்ட கேட்டுட்டேன்: "எங்க ஆளுங்க உழைப்புல நீங்க வாழ்றீங்கன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" கோபம் வந்துடுச்சு. "என் அம்மா வேலையை எடுத்தவன் எங்க முதலாளி. அதே முதலாளிதான் உங்க ஆளுங்களுக்குக் கம்மிச் சம்பளம் கொடுக்கிறான். நான் பஸ் ஓட்டினேன். யாரையும் சுரண்டலை"ன்னாரு. ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் காபி குடிக்கும்போது அவரே ஆரம்பிச்சாரு. "அம்மாவுக்கு வேலை போன வருஷம் வீட்டுல எல்லாருக்கும் புது ஷூ வாங்கினோம். அவ்வளவு மலிவா அதுக்கு முன்னாடி வாங்கினதே இல்லை."

எனக்குக் கிடைச்ச பதில் அதுதான். வேலை செய்யறவங்களா அந்தக் குடும்பம் தோத்துப் போச்சு. பொருள் வாங்குறவங்களா, வரிப் பணத்துல பென்ஷனும் மருத்துவமும் கிடைக்கிற குடிமக்களா ஜெயிச்சுது. ரெண்டும் ஒரே வீட்டுல, ஒரே வருஷத்துல. "அவங்களும் நம்மள மாதிரி ஏமாந்தவங்க"ன்னு சொல்றவங்க முதல் பாதியை மட்டும் பார்க்கிறாங்க. "அவங்க எல்லாரும் பங்குதாரர்"னு சொல்றவங்க ரெண்டாவது பாதியை மட்டும் பார்க்கிறாங்க. எந்தப் பாதி அரசியலாகுதுங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. தோத்த கோபம் முதலாளி மேல போகலாம், வேலையை "எடுத்துக்கிட்ட" ஆசியாக்காரன் மேலயும் போகலாம். 2025ல அமெரிக்காவில வெளிநாட்டுக் கார்களுக்கு வரி போட்டப்ப அங்க இருக்கிற பெரிய ஆட்டோ தொழிற்சங்கம் அதை வரவேற்றுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல இந்தியப் பொருட்களுக்கு வரி 50 சதவீதம் ஆச்சு, திருப்பூர்லயும் ஆம்பூர்லயும் ஆர்டர் நின்னுச்சு. லங்காஷயர் ஞாபகம் வருதா?

ஆனா வேற மாதிரியும் நடந்திருக்கு. ஜெர்மனியில 2023 ஜனவரியிலருந்து சப்ளை செயின் சட்டம்னு ஒண்ணு அமலுக்கு வந்துச்சு. பெரிய கம்பெனிங்க தங்களுக்குச் சரக்கு செஞ்சு கொடுக்கிற வெளிநாட்டுத் தொழிற்சாலையில நடக்கிற உரிமை மீறலுக்கும் பொறுப்பு எடுத்துக்கணும்னு சொல்ற சட்டம். அதுக்காகப் போராடினவங்கள்ல ஜெர்மன் தொழிற்சங்கங்களும் உண்டு. சாமியோட யூனியனும்தான், அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் மலர்ந்துடும். 2025ல வந்த கூட்டணி அரசு அந்தச் சட்டத்தை எடுத்துட்டு வேற போடுறோம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுச்சு, அந்தக் கூட்டணியில தொழிற்சங்கங்களுக்கு நெருக்கமான கட்சியும் இருக்குன்னு நான் சொன்னப்ப மலர்ந்தது வாடிடுச்சு.

எனக்கு அதை விடப் பெரிசாத் தெரியறது நம்ம திண்டுக்கல்ல நடந்தது. 2021 ஜனவரியில அங்க ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில வேலை செஞ்ச இருபது வயசு தலித் பெண் கொலை செய்யப்பட்டாங்க, அவங்க சூப்பர்வைசர் கைதானாரு. அதுக்கு அப்புறம் பெண்கள் தலைமையில இயங்குற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோட சேர்ந்து, ஹெச் அண்ட் எம், கேப் மாதிரி பிராண்டுகளை மேஜைக்குக் கொண்டு வந்தாங்க. 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. பாலியல் தொல்லையைத் தடுக்கறதுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம். இதுல கவனிக்க வேண்டியது, ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கிறவங்க இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை இது. இங்க ஒரு யூனியன் முதல்ல நின்னுச்சு, அங்க இருக்கிறவங்க அதோட கையைப் பிடிச்சாங்க.

சரி, இவ்வளவு நேரம் ஜெர்மன்காரரைக் கூண்டுல நிறுத்திட்டேன். இப்ப என் முறை.

எங்க மாடி ரூமுக்கு சாமி கொடுக்கிற வாடகை மாசம் பன்னிரண்டாயிரம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்த ரூம்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் மூவாயிரத்துக்கு இருந்தாங்க. அவங்களை அம்மா போகச் சொல்லலை. ஏத்திக் கேட்டாங்க, அவ்வளவுதான். அவங்களே போயிட்டாங்க. இந்தத் தெருவுல முக்கால்வாசி மாடி இப்ப அப்படித்தான். நான் சென்னையில ஐடி-யில இருக்கேன், என் சம்பளம் டாலர்ல வர்ற காண்ட்ராக்ட்லருந்து வருது. நான் இருக்கிற அபார்ட்மென்டைக் கட்டினவங்க பீகார், ஒடிசாவுலருந்து வந்தவங்க. எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணி கொண்டு வர்றவரோட டெலிவரி கட்டணம் இருபது ரூபாய் ஏறினா நான் ஆப்பை மூடிடுறேன். சாமி வீட்டுல வாங்கின மலிவு ஷூவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை.

இன்னொண்ணு. சிப்காட் எல்லாருக்கும் ஒரே மாதிரி வர்றதில்லை. செய்யாறு சிப்காட்டை விரிவாக்க மேல்மா சுத்தியிருக்கிற கிராமங்கள்ல 3,174 ஏக்கர் எடுக்கப் போறாங்கன்னு 2023ல விவசாயிங்க போராடினாங்க. நவம்பர்ல ஏழு பேர் மேல குண்டர் சட்டம் போட்டாங்க. தமிழ்நாடே கேள்வி கேட்டதும் ஆறு பேர் மேல இருந்ததை அரசு வாபஸ் வாங்குச்சு. நிலம் இருக்கிறவங்களுக்கு அது போற பயம். என் சித்தி வீட்டுக்கு நிலமே கிடையாது. ஷூ கம்பெனி வர்றதுக்கு முன்னாடி சித்தி நடவுக்குப் போவாங்க, களை எடுக்கப் போவாங்க, வருஷத்துல பாதி நாள் அதுவும் இல்லை. பொண்ணு வேலைக்குப் போக ஆரம்பிச்சு ஒரு ஸ்கூட்டி வந்திருக்கு, சீட்டு கட்டுறா, கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கா. "நீ உலக அளவுல சுரண்டப்படுற"ன்னு நான் விளக்கினப்ப, "அண்ணா, அதெல்லாம் சரி. லீவு கேட்டா எங்க அம்மா மாதிரி யார்கிட்டயும் கையைக் கட்டி நிக்க வேண்டியதில்ல, அதுவும் எனக்குப் பெரிசுதான்"னா. எனக்கு அதுக்கு மேல பேச வரலை.

போன பௌர்ணமிக்கு அவ வந்திருந்தா. கிரிவலம் சுத்திட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். சாமி அன்னைக்கு இன்னும் சுத்தி முடிக்கலை. வெறுங்காலோடதான் போவாரு. அவரோட ஷூ மாடிப்படியில கிடந்துச்சு. இவ குனிஞ்சு ஒண்ணைக் கையில எடுத்தா. உள்ள விரலை விட்டு, மேல்பாகம் அடியோட சேர்ற இடத்தைத் தடவிப் பார்த்தா. தையலை வெளிச்சத்துல காட்டிப் பார்த்தா. அம்மா "ஏன்டி அடுத்தவங்க செருப்பைத் தொடற"ன்னு உள்ளருந்து சத்தம் போட்டாங்க.

நான் "உங்க லைன்ல போனதா"ன்னு கேட்டேன். எனக்கு அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. இந்த எபிசோடுக்கு நல்ல முடிவா இருந்திருக்கும்.

அவ நாக்கை வெளிய இழுத்து லேபிளைக் காட்டினா. வியட்நாம்.

"தையல் நல்லா இருக்குண்ணா. கையில பழக்கம் ஆனவங்க தச்சது"ன்னா. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "அங்க எவ்வளவு கொடுக்கிறாங்களாம்?"னு கேட்டா. நான் ஃபோன்ல தேடினேன். பெரிய நகரங்கள் இருக்கிற மண்டலத்துல 2024 ஜூலையில நிர்ணயிச்ச குறைந்தபட்சக் கூலி மாசம் 49,60,000 டாங். நம்ம பணத்துக்கு சுமார் பதினாறாயிரம்.

"நம்மள விட ஆயிரம் கூட"ன்னா. அப்புறம், "அதனாலதான் அங்கருந்து இங்க வந்திருப்பாங்க, இல்ல? நமக்கு ஆயிரம் ஏத்தினா எங்க போவாங்கண்ணா?"

நான் ஃபோனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவளோட வாட்ஸ்அப்ல லைன் குரூப் மெசேஜ் வந்துடுச்சு, மறுநாள் காலை ஷிஃப்ட். ஷூவை எடுத்த இடத்துலயே ஜோடியா வச்சா. அம்மா கட்டிக் கொடுத்த தோசையை வாங்கிக்கிட்டு ஆரணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிட்டா.